ஊதா மூடி எல்லாவற்றுக்கும் போதாது

இரத்த மாதிரி எடுத்து ஆய்வு செய்யப் புறப்படும் எவரிடமும், எந்த ரியூப்பில் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஊதா மூடியிலை எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ளை வைச்சால் போதும், பிறகு என்ன ரெஸ்ற் வேணுமெண்டாலும் செய்யலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மாணவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் பெரியவர்கள் சிலரும் சொல்கிறார்கள். ஆய்வுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கும் அலுவலர்களும் அதையே சொல்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருந்தால் அது நாளத்துக்குள் இருந்தபடியே இருக்கிறது, உறையவிடாமல் தடுக்கும் மருந்து எதுவாக இருந்தால் என்ன, மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இந்தப் பதிலுக்கு அடியில் கிடக்கிறது. இதை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதாமலே எல்லோரும் பின்பற்றுவதால்தான் எதிர்த்து வாதிடுவதும் கடினமாக இருக்கிறது.

இந்த எண்ணம் பிழையானது. உறைவெதிரி எதுவும் இரத்தத்தை இருந்தபடியே வைத்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் எதையோ ஒன்றை மாற்றி, வேறு எதையோ விட்டுவைக்கிறது. எதை மாற்றினால் எங்கள் கேள்விக்குச் சேதமில்லை என்று பார்த்துத்தான் ரியூப்பைத் தெரிய வேண்டும். ஆகவே அது ஆய்வின் முதல் தீர்மானம். ஊசி குத்தும் இடத்துக்கும் ஆய்வுகூட மேசைக்கும் நடுவே வெயிலும் நீண்ட வீதியும் கிடக்கும் காங்கேசன்துறை போன்ற ஊரில் அந்தத் தீர்மானம் பிழைத்தால் சேதம் இன்னும் கூட.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊதா மூடிக்குள் இருப்பது ஈ.டி.ரி.ஏ.யின் பொற்றாசியம் உப்பு. குருதிக் கலங்களை எண்ணுவதற்கு அதைவிட நல்லது இல்லை. குருதியியலுக்கான சர்வதேச நியமக் குழு 1993இல் அதையே பரிந்துரைத்தது, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு ஒன்றரை முதல் 2.2 மில்லிகிராம் வரை. மரபணு ஆய்வுக்கும், மூன்று மாதச் சீனி அளவு என்று சனங்கள் சொல்லும் எச்.பி.ஏ.1சி.க்கும், பல ஓமோன்களுக்கும் அது பொருத்தம். மலிவு, எங்கும் கிடைக்கும், கையாள்வது சுகம். வைத்தியசாலையில் ஒரு நாளில் எடுக்கும் ரியூப்களில் பெரும்பங்கு அதுதான். அடிக்கடி கை போகும் இடத்துக்கே மனமும் போவது இயல்பு. ஆனால், கலங்களை எண்ணுவதற்கு நல்லது என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் நல்லது என்பதற்குத் தாவ எந்த நியாயமும் இல்லை. அந்தக் குழு பரிந்துரைத்ததும் கலங்களை எண்ணுவதற்குத்தான்.

இரத்தம் உறைய வேண்டுமானால் கல்சியம் வேண்டும். ஈ.டி.ரி.ஏ.யும் சித்திரேற்றும் ஒட்சலேற்றும் அந்தக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஈ.டி.ரி.ஏ.யின் பிடி இறுக்கமானது. கல்சியத்தோடு நில்லாமல் மக்னீசியம், நாகம், இரும்பு என்று கண்ட உலோகத்தையெல்லாம் அணைத்துக்கொள்ளும். சித்திரேற்றின் பிடி தளர்வானது. ஆய்வுகூடத்தில் கல்சியத்தைத் திரும்பச் சேர்த்தால் உறைதல் மறுபடி தொடங்கும், உறைதல் சோதனைகள் நடப்பது அதனால்தான். ஹெப்பரின் உறைதலைத் தடுப்பது கல்சியத்தைப் பிடித்து அல்ல. அது அன்ரித்துரொம்பின் என்ற புரதத்தைத் தூண்டி, துரொம்பினையும் பத்தாம் காரணியையும் அடக்குகிறது. வேலை ஒன்று, வழி மூன்று. பனையடியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பேசத் தேவையில்லை. ஒரே பனை, ஒரே பாளை. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். பாத்திரத்துக்குள் முன்கூட்டியே எதைப் பூசி வைத்தோம் என்பதே பின்னால் கையில் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது.

உறைவெதிரி வெறுமனே உறைதலைத் தடுக்கிறது, வேறெதுவும் செய்வதில்லை என்று சொல்பவர்கள் இரத்த வங்கியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1914இல் பிரசெல்ஸில் அல்பேர்ட் ஹுஸ்ரினும் புவனஸ் அயர்ஸில் லூயிஸ் அகோட்டேயும் சித்திரேற்றுக் கலந்த இரத்தத்தை மனிதருக்கு ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் ரிச்சர்ட் லூவிசோன் 0.2 சதவீதம் போதும், அந்த அளவு ஆளுக்குத் தீங்கு செய்யாது என்று காட்டினார். இரத்தம் உறையவில்லை, ஆனால் நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை. 1916இல் ரூஸும் ரேணரும் சித்திரேற்றோடு குளுக்கோசைச் சேர்த்தார்கள். செங்கலம் உயிரோடு இருக்க அதற்குச் சாப்பாடு வேண்டும் என்று அவர்களுக்குப் பட்டது. அந்தக் கரைசலை நம்பித்தான் 1917இல் ஒஸ்வால்ட் ரொபேட்சன் பிரான்சின் போர்முனையில் இரத்தத்தைப் போத்தல்களில் முன்கூட்டியே சேமித்து வைத்தார். 1943இல் லூற்றிட், மொலிசன் இருவரும் சித்திரிக்கமிலமும் சேர்ந்த கரைசலைத் தந்தார்கள். அதில் இரத்தம் 21 நாள் இருந்தது. பின்னர் பொசுபேற்றும் அடினைனும் சேர்ந்தன, 35 நாள் ஆயிற்று. இன்று செங்கலத்தைத் தனியே பிரித்து, அடினைனும் மனிற்றோலும் உள்ள கரைசலில் இட்டால் 42 நாள். குளிர்ப் பெட்டி அதே பெட்டி, வெப்பநிலை அதே 2 முதல் 6 பாகை, கலமும் அதே கலம். நாள் கூடியதற்குக் காரணம் கரைசல் மாத்திரமே.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இரத்ததானம் செய்யும்போது அந்தப் பையைக் கூர்ந்து பாருங்கள். 450 மில்லிலீற்றர் இரத்தம் விழுவதற்கு முன்பே அதற்குள் 63 மில்லிலீற்றர் திரவம் காத்திருக்கிறது. ஒவ்வொரு சேர்மானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இரத்த வங்கியில் இந்தக் கணக்கை எவரும் கேள்வி கேட்பதில்லை. அதே இரத்தம் ஆய்வுக்கு என்று வந்துவிட்டால் மட்டும் கணக்கு ஏன் காணாமற் போகிறது? ஊதா மூடி ரியூப்பில் குளுக்கோசும் இல்லை, அடினைனும் இல்லை, அமிலத்தன்மையைச் சமன்செய்ய எதுவும் இல்லை. அதில் இரண்டு கிழமை வைத்த செங்கலத்தை எடுத்து, அதன் சவ்வைப் பற்றியும் சக்தியைப் பற்றியும் ஆய்வு முடிவு எழுதுகிறவர், பட்டினி போட்ட கலத்தைப் பற்றி எழுதுகிறார். நோயாளியின் கலத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இனி எங்கள் பக்கத்துக் கதைக்கு வருவோம். 2024 கார்த்திகை முடிவில் பெங்கால் புயலோடு வந்த வெள்ளம் வடக்கை மூடியது. டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில், முக்கியமாக வடமராட்சிப் பக்கம், காய்ச்சலோடு மூச்சுத்திணறி அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தன. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சனம் பதறியது. மாதிரிகள் கொழும்புக்குப் போயின. எலிக்காய்ச்சல் என்று முடிவு வந்தது. மருத்துவர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் அந்த நாட்களில் பட்ட பாட்டை ஊர் அறியும், அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்பது அடுத்த வெள்ளத்தைப் பற்றி.

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்ரொஸ்பைரா முதற் கிழமையில் இரத்தத்தில் இருக்கும். அதன் மரபணுவை பி.சி.ஆர். முறையில் தேடுவதென்றால் ஈ.டி.ரி.ஏ. இரத்தம் உகந்தது. ஹெப்பரின் இரத்தத்தைக் கொடுத்தால் பி.சி.ஆர். நொதியத்தை ஹெப்பரின் தடுத்துவிடும், கிருமி இருந்தும் இல்லை என்று விடை வரலாம். அதே கிருமியை உயிரோடு வளர்த்து, எங்கள் வயலில் திரிவது எந்த வகை என்று அறிய வேண்டுமென்றால் கதை தலைகீழ். வளர்ப்புக்கு ஹெப்பரின் இரத்தம் உகந்தது. சித்திரேற்று அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். இன்னுமொன்று: வளர்ப்புக்கான மாதிரியைக் குளிரில் வைக்கக் கூடாது, சாதாரண வெப்பநிலையிலேயே கொண்டுபோக வேண்டும். குளிர் லெப்ரொஸ்பைராவுக்கு ஆகாது. "எதையும் ஐஸில் வை" என்று பழகிய கை, வளர்க்க நினைத்த கிருமியைத் தானே கொன்றுவிடும். ஒரு நோயாளி, ஒரு கிருமி, இரண்டு கேள்வி. இரண்டு ரியூப், இரண்டு வெப்பநிலை. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த விலங்கிலிருந்து வருகிறது, நுண்ணோக்கி ஒருங்கொட்டற் சோதனைக்கு எந்த வகைக் கிருமிகளை வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். நோய் வந்த முதற் கிழமை கடந்த பிறகு அந்த இரத்தத்தை யாரிடம் போய்க் கேட்பது?

பாம்புக் கடியில் இந்த விடயம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1990இல் காங்கேசன்துறையிலிருந்து சனம் எழும்பிப் போன பிறகு வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. வீட்டு வளவுகள் பற்றைக்காடாயின. காணி கொஞ்சங் கொஞ்சமாக விடுபட்டபோது திரும்பி வந்தவர்கள் முதலில் செய்த வேலை பற்றை வெட்டியதுதான். காய்ந்த மண்ணும் கல்லும் பற்றையும் உள்ள இடம் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் வசதியான இடம். இரண்டின் விடமும் இரத்தத்தின் உறைதலையே குலைக்கும். கடிபட்டு வருகிறவருக்கு உலகெங்கும் செய்யும் எளிய சோதனையில் உறைவெதிரி இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குப்பியில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தை விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். திரவமாக ஓடினால் உறைதல் கெட்டுவிட்டது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்ரிக் குப்பி எடுத்தால் சோதனை பிழைக்கும், ஏனென்றால் உறைதலைத் தொடக்கிவைப்பதே கண்ணாடிச் சுவர்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குப்பியும் பிழைக்கும். பாத்திரத்தின் சுவரே விடையை மாற்றும் என்றால், அந்தச் சுவரில் பூசிய உப்பு மாற்றாதா?

அடுத்த கட்டம் ஆய்வு. எங்கள் நாட்டில் ஏற்றும் விடமுறி இந்தியாவில் இந்தியப் பாம்புகளின் விடத்தைக் கொண்டு செய்யப்படுவது. எங்கள் விரியன் கடிக்கு அது எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய எங்கள் நோயாளிகளின் பிளாஸ்மா வேண்டும். அதை ஊதா மூடியில் எடுத்தால் என்ன ஆகும்? விரியன் விடத்தில் உறைதலைக் குலைக்கும் நொதியங்களில் பல, உலோகத்தை மையமாகக் கொண்டவை. ஈ.டி.ரி.ஏ. அந்த உலோகத்தைப் பிடுங்கிவிடும். விடம் என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர், பார்க்கத் தொடங்குமுன்பே விடத்தின் கையைக் கட்டிப்போடுகிறார். அந்த இரத்தத்தில் உறைதல் காரணிகளையும் அளக்க முடியாது. ஆகவே சித்திரேற்று வேண்டும். சித்திரேற்று என்றதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றும் எண்ணக் கூடாது. எக்காரின் என்றொரு நொதியம் உண்டு, சுருட்டை விரியன் இனத்து விடத்திலிருந்து பிரித்தெடுத்தது. அது கல்சியம் இல்லாமலே புரோதுரொம்பினைத் துரொம்பின் வழிக்குக் கொண்டுபோகும். இந்தக் குணத்தை வைத்துத்தான் உலக ஆய்வுகூடங்களில் சித்திரேற்றுப் பிளாஸ்மாவிலேயே எக்காரின் உறைதல் நேரம் என்ற சோதனையைச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட நொதியம் உடம்பில் ஏறியவரின் இரத்தம் சித்திரேற்று ரியூப்புக்குள்ளும் சும்மா இருக்கும் என்று நம்ப முடியுமா? உடனே மையநீக்கியில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, ஆழ்குளிரில் உறைய வைக்க வேண்டும். ரியூப்பும் நேரமும் வெப்பநிலையும் சேர்ந்த ஒரே தீர்மானம் இது.

நீரிழிவுக் கணக்கெடுப்புகளில் நடப்பது சத்தமில்லாத சேதம். காங்கேசன்துறைக் கரையில் ஒரு முன்பள்ளி மண்டபத்தில் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்களிடம் இரத்தம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். வரிசை முடியப் பத்து மணி. சாமான்களைக் கட்டி, காங்கேசன்துறை வீதியால் ஏறக்குறைய 18 கிலோமீற்றர் போய், யாழ்ப்பாணத்தில் இயந்திரம் ஒழியும்போது பதினொரு மணி. கலமும் பிளாஸ்மாவும் பிரியாத இரத்தத்தில் குளுக்கோசு மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. சாதாரண அறை வெப்பநிலைக் கணக்கு அது, சித்திரை வெயிலில் இன்னும் வேகம். காலையில் 126 மில்லிகிராம் இருந்தவருக்கு மூன்று மணித்தியாலத்தில் 105 அளவுக்கு வந்துவிடும். 126 என்பது நீரிழிவின் வாசல். 105 என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் சுகதேகி. காலையில் நோயாளியாக வந்தவர் ஒரு மருந்தும் இல்லாமல் மத்தியானம் சுகதேகியாகப் பதிவாகிறார்.

அதற்குத்தானே சாம்பல் மூடி, புளோரைட்டு ரியூப் இருக்கிறது என்பார்கள். அது ஊதாவைவிட மேல் என்பதை ஏற்கிறேன். ஆனால் புளோரைட்டு அடைக்கும் இடம் எனோலேசு, குளுக்கோசு உடையும் வழியின் கடைசிக்குக் கிட்டவுள்ள ஒரு படி. மேலே உள்ள படிகள் மேலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குக் குளுக்கோசை விழுங்கிக்கொண்டே இருக்கும். முதல் மணித்தியாலத்தில் புளோரைட்டு இருக்கும் இரத்தத்துக்கும் இல்லாத இரத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அமிலமாக்கிய சித்திரேற்றுக் கலவை உள்ள ரியூப், அந்த வழியின் முதற் படியையே அடைத்துவிடும். அது கிடைக்காவிட்டால் எடுத்த உடனே ஐஸ்நீரில் வைத்து, அரை மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும். அந்த முன்பள்ளி மண்டபத்துக்கே ஒரு சிறிய மையநீக்கியைக் கொண்டுபோவது பெரிய காரியமா? மின்சாரமும் மேசையும் அங்கே உண்டு.

டெங்கு ஆய்விலே ஊதா மூடியின் சொந்த நிலத்திலேயே வழுக்கல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் எங்கள் வார்டுகள் நிறைவது அந்தக் காய்ச்சலால்தான். சிறுதட்டு எண்ணிக்கையையும் குருதியின் கலப் பங்கையும் வைத்துத்தான் உயிரைக் காக்கும் முடிவுகளை எடுக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு ஈ.டி.ரி.ஏ. பட்டதும் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணாது, எண்ணிக்கை பொய்யாக விழும். இரத்தப் பூச்சைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். சித்திரேற்றில் மறுபடி எடுத்து, திரவம் சேர்ந்த நட்டத்துக்கு 1.1ஆல் பெருக்கினால் சரியான எண் வரும். ரியூப்பைக் கோட்டுக்குக் கீழே அரைகுறையாக நிரப்பினால் உப்பு மிஞ்சிச் செங்கலம் சுருங்கும், சுழற்றி அளக்கும் கலப் பங்கு குறையும். எடுத்த இரத்தத்தை மறுநாள் வரை வெளியில் வைத்தால் செங்கலம் வீங்கும், இயந்திரம் காட்டும் கலப் பங்கு ஏறும். ஒன்று குருதிச் செறிவை மறைக்கும், மற்றது இல்லாத செறிவைக் காட்டும். சிகிச்சையில் இரத்தம் சூட்டோடு போவதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். ஆய்வுக்காகச் சேர்த்து வைத்து ஒருநாள் கழித்து ஓட்டுகிறவர்கள் தப்புவதில்லை.

குளிரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பிரிஜ்ஜிலை வை" என்பது இந்தத் துறையில் மந்திரமாகவே ஆகிவிட்டது. சித்திரேற்று இரத்தத்தைப் பிரிக்காமல் குளிரில் வைத்தால் ஏழாம் காரணி விழித்துக்கொள்ளும், உறைதல் நேரம் பிழைக்கும். சிறுதட்டுகளை இரத்த வங்கி 20 முதல் 24 பாகையில் ஆட்டிக்கொண்டே வைத்திருப்பது வீணுக்கல்ல, குளிர் அவற்றைக் கெடுக்கும். செங்கலத்தில் பொற்றாசியத்தை உள்ளே வைத்திருக்கும் பம்பி குளிரில் நின்றுவிடும், பொற்றாசியம் வெளியே கசியும். குளிரில் இராத்திரி முழுதும் இருந்த ஹெப்பரின் இரத்தத்தில் அளந்த பொற்றாசியத்தை நம்பி ஒரு அட்டவணை போட்டால் அது பெட்டியின் குளிரைப் பற்றிய அட்டவணை. குளிர் சிலவற்றைக் காக்கும், சிலவற்றை அழிக்கும். எதை என்று கேட்காமல் வைப்பது ஆய்வாகாது.

உலோகங்களுக்கு வந்தால் ஊதா மூடிக்கு இடமேயில்லாத கேள்விகள் பல. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதே வீதியில் வடக்கே போனால் சீமெந்துத் தொழிற்சாலை நின்ற காங்கேசன்துறை. இந்தப் பகுதிச் சனங்களின் இரத்தத்தில் நாகம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று கேட்க நியாயம் உண்டு. உலோகத்தைப் பிடுங்கவென்றே இருக்கும் உப்பில் எடுத்து இவற்றை நம்பி அளக்க முடியாது. சாதாரண ரியூப்பின் இறப்பர் மூடியே நாகத்தைக் கசியவிடும் என்பதால், நுண் உலோகத்துக்கென்று தனியே செய்த ரியூப் வேண்டும். விலங்குகளுக்கும் இதே எச்சரிக்கை. வலையில் அகப்படும் கடலாமையின் இரத்தத்தை ஈ.டி.ரி.ஏ.யில் எடுத்தால் செங்கலம் உடைந்து சிவந்த தண்ணீராகிவிடும். ஆமைக்கு ஹெப்பரின். காகத்துக்கும் சில மீன்களுக்கும் அதே கதி. மனிதருக்கு நல்லது மயிலிட்டிக் கடலில் பிடிபட்டதற்கும் நல்லது என்று விதி எதுவும் இல்லை.

கடைசியாக வரும் வாதம் பணம். "இதெல்லாம் பெரிய நாட்டுக்காரருக்குச் சரி, எங்களிட்டை வசதி எங்கை?" இந்த வாதத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாக எதிர்க்கிறேன். மூன்று சோடியம் சித்திரேற்று இருநீரேற்றை 32 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லீற்றராக்கினால் 3.2 சதவீதக் கரைசல் கிடைக்கும். உறைதல் சோதனைகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட கரைசல் அதுவே. அரை மில்லிலீற்றரை ஒரு ரியூப்பில் இட்டு நாலரை மில்லிலீற்றர் இரத்தம் சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்பது என்ற பங்கு. ஒரு லீற்றரில் இரண்டாயிரம் ரியூப் ஆகும். பூஞ்சணம் பிடிக்கவிடாமல் புதிதாகச் செய்ய வேண்டும், தேதி எழுத வேண்டும், கோடு வரை நிரப்ப வேண்டும், கலப் பங்கு 55 சதவீதத்துக்கு மேற்பட்டவருக்குச் சித்திரேற்றைக் குறைக்க வேண்டும். இவற்றில் எதற்குக் காசு வேண்டும்? கவனம் வேண்டும். ரியூப்களின் வரிசையும் இலவசம். முதலில் சித்திரேற்று, பிறகு சீரம், பிறகு ஹெப்பரின், பிறகு ஈ.டி.ரி.ஏ., கடைசியில் புளோரைட்டு. வரிசை மாறி ஈ.டி.ரி.ஏ.யின் ஒரு துளி சீரம் ரியூப்புக்குள் போனால் பொற்றாசியம் ஏறி, கல்சியம் இறங்கி, ஆபத்தான நோயாளி ஒருவர் தாளில் பிறந்துவிடுவார். ஏழை ஆய்வுகூடத்துக்குத்தான் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். பணக்கார ஆய்வுகூடம் பிழைத்தால் மறுபடி எடுக்கும். எங்களுக்கு மறுபடி எடுக்கும் காசும் இல்லை, நாளும் இல்லை.

மறுபடி எடுக்கும் உரிமையும் இல்லை என்றே சொல்வேன். இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்து, காணி விடுபட்டுத் திரும்பி வந்த சனத்திடம் எத்தனையோ கணக்கெடுப்புகள் வந்து போய்விட்டன. படிவம் நிரப்பினார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள், கை நீட்டி இரத்தமும் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. "பிள்ளை படிக்குதாம், குடுப்பம்" என்று தருகிறார்கள். அப்படித் தந்த பத்து மில்லிலீற்றரை, அவர்களுக்காகக் கேட்ட கேள்விக்கே விடை சொல்ல முடியாத ரியூப்பில் எடுத்து வைப்பதை நான் வெறும் தொழில்நுட்பக் குறையாகப் பார்க்கவில்லை. ஒழுக்கக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் ஊசி வலிக்கும் என்பது உண்டு, இரகசியம் காக்கப்படும் என்பது உண்டு. எந்த உறைவெதிரி, ஏன் அது, எவ்வளவு நேரத்துக்குள் பிரிப்போம் என்ற வரியும் இருக்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சேமித்த மாதிரியின் சீட்டிலும் அது இருக்க வேண்டும். உயிர்மாதிரி வங்கிகளுக்கான சர்வதேசச் சங்கம் 2010இல் தந்த சங்கேத முறையில் எந்தக் கொள்கலன், பிரிக்குமுன் எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை என்பதெல்லாம் ஏழு சிறு குறியீடுகளில் அடங்கிவிடுகின்றன. எங்கள் உறைபெட்டிகளில் கிடக்கும் குப்பிகளில் பெயருக்குப் பதில் ஓர் இலக்கமும் தேதியும் மட்டுமே இருந்தால், ஐந்து வருடம் கழித்து அதை எடுப்பவருக்கு அது ஈ.டி.ரி.ஏ.யா சித்திரேற்றா என்றுகூடத் தெரியாது. தெரியாத மாதிரியில் ஒன்றும் அளக்க முடியாது.

அடுத்த கார்த்திகை மழைக்கு முன் வலிகாமம் வடக்கில் காய்ச்சல் ஆய்வுக்கென்று ஒரு பெட்டி கட்டினால், அதில் ஊதா மூடியோடு பச்சை மூடி ஹெப்பரினும் நீல மூடிச் சித்திரேற்றும் உள்ளே ஒன்றும் பூசாத கண்ணாடிக் குப்பிகளும் இருக்க வேண்டும். ஊதாவை ஐஸில் வையுங்கள். கிருமி வளர்ப்புக்கான பச்சையை ஐஸ் இல்லாத தனிப் பெட்டியில் வைத்து, அன்றே யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள். நீலத்தை எடுத்த இடத்திலேயே சுழற்றிப் பிரியுங்கள். எடுத்த நேரத்தை, மறந்துபோகுமுன், ரியூப்பின் மேலேயே எழுதுங்கள்.